கேபிளை மாற்றிப் பாருங்கள்!

சென்ற மாதம் இந்தப் பக்கங்களில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பி வைக்கிற ‘அப்டேட்’ என்பது, குடித்தனக்காரன் தூங்குகிற சமயம் பார்த்து வீட்டுக்காரன் வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போவது போன்றது என்று. மூன்று வருஷம் உழைத்து எழுதிய நாவலுக்குக்கூட எனக்கு அத்தனை கடிதங்கள் வந்ததில்லை. பெரும்பாலானவை ஆமாம் போட்டவை, அவற்றை விட்டுவிடலாம். ஒரு கடிதம் மட்டும் சண்டைக்கு வந்தது. எழுதியவர் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினீயர், இளைஞர், மரியாதை தெரிந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது:

“உங்களுக்குப் பிடிக்காத மாறுதல் எல்லாம் அநியாயம் ஆகிவிடாது, சார். உலகம் பூராவும் கோடிக்கணக்கான யந்திரங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் பாதுகாப்புத் தர வேண்டியிருக்கிறது. ஏதோ ஒன்றிரண்டு இடங்களில் மானிட்டர் எரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். இதற்கெல்லாம் ஒரு எழுத்தாளர் ஏன் கொதிக்க வேண்டும்?”

எழுத்தாளன் எதற்கெல்லாம் கொதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வேறொரு நாள் பதில் சொல்கிறேன். ‘கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்’ என்றாரே, அதற்கு இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். நான் குற்றம் சொல்கிற அநியாயம் முழுவதும் அந்த நான்கு சொற்களுக்குள்தான் இருக்கிறது. நான் கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன். என்ஜினீயருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்வதற்குச் சமையற்காரனாக இருந்துதான் தீர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

என் நாவல்களுக்குப் பக்கம் கோத்துத் தருகிற ஓர் அம்மாள் இருக்கிறார். அந்தக் காலத்தில் ஈய எழுத்துக்களைப் பொறுக்கி அச்சுக் கோத்தார்களே, அந்தத் தொழில்தான், இப்போது டி.டி.பி. என்று பெயர். வீட்டு முன்னறையில் ஒரு சிறிய லாப்டாப். அதன் பக்கத்தில் இரண்டு மானிட்டர்கள். இடது திரையில் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி, ஸ்கேன் செய்தது; வலது திரையில் உருவாகிக்கொண்டிருக்கும் பக்கம். கண் இடது பக்கம் படிக்கும், விரல் தட்டும், மறுபடி கண் வலது பக்கம் வந்து சரிபார்க்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. லாப்டாப்பிலிருந்து ஒரே ஒரு வயர் ஒரு டப்பாவுக்குப் போகிறது. அந்த டப்பாவிலிருந்து இரண்டு மானிட்டருக்கும் இரண்டு வயர்கள். டப்பாவுக்கு ‘டாக்’ என்று பெயர். கப்பல் வந்து அணைகிற துறையின் பெயரை அந்தச் சிறு டப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை இரவு வரை எல்லாம் சரியாக நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை யந்திரத்தைத் திறந்தால், ‘உங்கள் கம்ப்யூட்டர் புதுப்பிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வாழ்த்து; இரண்டு திரையிலும் ஒரே படம். இடது பக்கம் தெரிவதே வலது பக்கமும் தெரிகிறது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் போயிற்று. வலது திரை கறுத்துவிட்டது. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு சிறு எழுத்து அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அந்த அம்மாள் போன் செய்தார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பதில் ஒன்றேதான். “கேபிளை மாற்றிப் பாருங்கள், மேடம்.” கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார். எரியவில்லை. “மானிட்டரின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மாட்டுங்கள்.” மாட்டினார். எரியவில்லை. “டாக்கை மாற்றிப் பாருங்கள். மானிட்டர் பழசா? எத்தனை வருஷம் ஆயிற்று?” இப்படி மூன்று நாட்கள். பரீட்சைக்குப் போன பெண்ணைப் போல அந்த அம்மாள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள், கடைத்தெருவில் ரிப்பேர் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்தான். அவன் யாருக்கும் போன் செய்யவில்லை. முதலில் இரண்டு மானிட்டர்களின் வயரையும் இடம் மாற்றிப் போட்டான். இருட்டு மானிட்டரோடு போகவில்லை. டப்பாவின் அதே துளையிலேயே தங்கிவிட்டது. ஆக, மானிட்டர் குற்றவாளி அல்ல. பிறகு அந்த டப்பாவையும் இரண்டு மானிட்டர்களையும் அப்படியே தன்னுடைய பழைய லாப்டாப்பில் மாட்டினான். அந்த லாப்டாப் இன்னும் ‘புதுப்பிக்கப்’படாதது. இரண்டு திரையும் பளிச்சென்று எரிந்தன. இதில் ஒன்று, அதில் வேறொன்று என்று தனித்தனியாகவும் காட்டின. டப்பாவும் குற்றவாளி அல்ல, கேபிளும் அல்ல. அதற்குப் பிறகுதான் அம்மாளின் யந்திரத்தில் கை வைத்தான். திரையை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டான். எரிந்தது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

மூன்று நாள் கழித்து ஓர் இரவில் அப்டேட் மறுபடியும் வந்து, பழைய டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டது என்பது தனிக் கதை.

“நாலு நாள்ல அறுபது பக்கம் போயிருக்கும், சார். யார்கிட்ட கேக்கறது?” என்றார் அந்த அம்மாள்.

என்ஜினீயர் நண்பரே, நீங்கள் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது?

நம்முடைய நியாய ஸ்தலங்களில் ஒரு சாதாரணமான தர்மம் இருக்கிறது. குற்றம் சாட்டுகிறவன்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே அது தலைகீழ். கேபிள் யோக்கியமானது என்று நான் நிரூபிக்க வேண்டும். டப்பா யோக்கியமானது, மானிட்டர் யோக்கியமானது, என் வீட்டு மின்சாரம் யோக்கியமானது என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சாட்சி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நேற்று இரவு வீட்டுக்குள் வந்துபோன ஒரே ஆசாமியை மட்டும் கூண்டில் ஏற்றவே மாட்டார்கள். நேற்று வரை ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு இன்று வயிறு வலித்தால், நம் வீட்டுப் பாட்டி முதலில் என்ன கேட்பாள்? ‘ராத்திரி என்னடி கொடுத்தாய்?’ என்று கேட்பாள். பாட்டிக்குத் தெரிந்த இந்த வைத்தியம் அத்தனை பெரிய உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, அதன்படி கேள் என்கிறார்கள். அதில் முதல் வரி கேபிள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காகிதத்தை எழுதியவர்கள் மேல்தான்.

கேபிள் கெடவே கெடாது என்று நான் வாதாட வரவில்லை. கெடும். அதைவிட வேடிக்கை, கெடாமலே ஏமாற்றும். 1987-இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த வி.ஜி.ஏ. இணைப்பு பதினைந்து ஊசிகளோடு பார்க்கக் கரடுமுரடாக இருந்தது. ஆனாலும் படம் போகிற துளை எது என்று குருடனும் தடவிச் சொல்லிவிடலாம். பிறகு எச்.டி.எம்.ஐ. வந்தது, டிஸ்ப்ளேபோர்ட் வந்தது. 2014-இல் யு.எஸ்.பி. ‘ஸி’ என்ற சின்னஞ்சிறு முட்டை வடிவத் துளைக்கு விதி வகுத்தார்கள். ஒரே லாப்டாப்பில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் படம் போகும், இன்னொன்றில் போகாது. கேபிளிலும் அப்படியே: சில கேபிள்கள் மின்சாரமும் கொஞ்சம் தகவலும் மட்டுமே சுமக்கும், சில எல்லாவற்றையும் சுமக்கும், வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்களும் வாங்குகிறவர்கள் அல்ல என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நடப்பது பெரிய தேவ ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். திரைகளுக்கான விதிகளை வகுக்கும் வெஸா என்ற அமைப்பு 1994-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அடிப்படை ஜாதகம் 128 பைட்டுகள். அதாவது ஒரு தபால் கார்டில் முகவரி எழுதுகிற அளவு. தன்னைச் செய்த கம்பெனி யார், தன்னால் எத்தனை புள்ளிகளைக் காட்ட முடியும், வினாடிக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் அதில் இருக்கும். வயரை மாட்டியதும் கம்ப்யூட்டர் அந்த ஜாதகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் படத்தை அனுப்பத் தொடங்குகிறது. சாதாரணத் திரை ஒன்றுக்கு 1920-க்கு 1080 புள்ளிகள்; சுமார் இருபது லட்சத்து எழுபதாயிரம். வினாடிக்கு 60 தடவை என்றால் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நாலு லட்சம் புள்ளிகள். இரண்டு திரைகளுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு வினாடியும்! இதை எண்ணிப் பார்த்தால் அந்த என்ஜினீயர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கும்பிடவும் செய்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தைச் சரியாக நடத்திக்கொண்டிருந்த ஓர் ஏற்பாட்டை, கேட்காமல் கொள்ளாமல் ஓர் இரவில் கலைப்பதற்கு அந்தச் சாமர்த்தியம் அனுமதிச் சீட்டு ஆகாது.

‘ஏதோ ஒன்றிரண்டு இடங்களில்’ என்கிறார் நண்பர். ஒன்றிரண்டா?

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஆப்பிள் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்கு மேக் ஓ.எஸ். 10.13.4 என்ற பதிப்பை வெளியிட்டது. பார்த்தால் கடைசி எண்ணில் ஒன்று கூடியிருக்கிறது; அவ்வளவுதான். டிஸ்ப்ளேலிங்க் என்று ஒரு முறை உண்டு. படத்தை மென்பொருளால் சுருக்கி, சாதாரண யு.எஸ்.பி. வயர் வழியாக அனுப்பி, மறுமுனையில் டப்பாவுக்குள் இருக்கிற ஒரு சில்லு அதை விரித்துத் திரையில் காட்டுகிற முறை. லாப்டாப்பில் இடம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று மானிட்டர்களை வைத்துக்கொள்ள அதைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தப் பதிப்பைப் போட்டதும் அவர்களுடைய வெளித்திரைகள் இருண்டுபோயின. கேபிள் சரி, டப்பா சரி, மானிட்டர் சரி. உள்ளே இருந்த ஒரு கதவை ஆப்பிள் அடைத்துவிட்டது. டிஸ்ப்ளேலிங்க் கம்பெனி பாவம் என்ன செய்யும்? தன் வாடிக்கைக்காரர்களைப் பார்த்து, ‘10.13.3-லேயே நின்றுகொள்ளுங்கள், மேலே போகாதீர்கள்’ என்று சொல்லிற்று. ஏற்கெனவே மேலே போய்விட்டவன் திரும்பி வர வேண்டுமானால் யந்திரத்தைத் துடைத்துக் காலி செய்து, பழைய பதிப்பை முதலிலிருந்து போட்டு, எங்கேயாவது நகல் எடுத்து வைத்திருந்தால் அதைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். மாதக்கணக்கில் நீடித்தது அந்த அவஸ்தை. உலகம் பூராவும் எத்தனை மேஜைகளில் எத்தனை பேர் அந்தச் சமயத்தில் உட்கார்ந்து கேபிளை மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி. 2023 அக்டோபரில் அதே கம்பெனி வெளியிட்ட, எம்-3 சில்லு வைத்த 14 அங்குல லாப்டாப்பின் அடிப்படை மாதிரியில் ஒரே ஒரு வெளித்திரைதான் மாட்டலாம் என்றார்கள். விலை ஒன்றும் ஏழையின் விலை அல்ல. 2024 ஜூலையில் ஓர் அப்டேட் வந்தது. மூடியைச் சாத்தி வைத்தால் அதே யந்திரத்தில் இரண்டு வெளித்திரைகள் எரிந்தன. கேபிள் மாறவில்லை, சில்லு மாறவில்லை, துளை மாறவில்லை. அப்படியானால் அதுவரை ‘முடியாது’ என்று நாம் புரிந்துகொண்டிருந்தது என்ன? ‘இன்னும் அனுமதிக்கவில்லை’ என்பதுதானே? கொடுப்பதும் அந்தக் கை, எடுப்பதும் அந்தக் கை. காசு கொடுத்து வாங்கியவனின் கை எங்கே இருக்கிறது? கேபிள் முனையில்!

‘புதுப்பித்தல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிடித்து விசாரிக்க வேண்டும். சொல்லை விசாரிப்பது என் தொழில்; அதில் என்ஜினீயர் குறுக்கிட முடியாது. நம் நாட்டில் கோயிலைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி, மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டுக்களை மழுங்கடித்த திருப்பணிகளைப் பார்த்திருக்கிறோம். கல் புதிதாகத்தான் பளபளத்தது. எழுநூறு எண்ணூறு வருஷத்து எழுத்து போய்விட்டது. அப்போதும் ‘புதுப்பித்திருக்கிறோம்’ என்று தான் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரு பொருளில் நேற்று இருந்த உபயோகம் இன்று இல்லை என்றால் அதற்குத் தமிழில் ‘கெட்டுப்போயிற்று’ என்று பெயர். கெடுத்தது எவன் என்பதைப் பொறுத்து அந்தப் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது.

நண்பர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார். அது உண்மையான வாதம். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் உலகத்தையே ஓர் ஆட்டு ஆட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதற்கான மருந்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோஸாஃப்ட் கம்பெனி கொடுத்திருந்தது. மருந்தைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். மருந்து வேண்டாம் என்று நான் எந்த இடத்தில் சொன்னேன்? ஊசி போட வந்த வைத்தியர், அந்தச் சாக்கில் என் வீட்டு மேஜை நாற்காலிகளையும் இடம் மாற்றி வைத்து, ஒரு ஜன்னலையும் ஆணியடித்துவிட்டுப் போகிறாரே, அதைத்தான் கேட்கிறேன். மருந்தையும் மராமத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ‘இரண்டையும் விழுங்கு; இல்லையேல் இரண்டும் இல்லை’ என்று சொல்வது பாதுகாப்பு அல்ல; பாதுகாப்பின் பெயரால் நடக்கிற நிர்ப்பந்தம். அந்த நிர்ப்பந்தத்துக்குப் பயந்துதான் பலர் அப்டேட் என்றாலே தள்ளிப் போடுகிறார்கள். வான்னாக்ரைகளுக்கு வாசல் திறந்து வைப்பது இந்தப் பயம்தான் என்பது நண்பருக்குத் தோன்றவில்லையா?

பயம் காரணமில்லாத பயமும் அல்ல. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸுக்கு வந்த பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. நான்கு நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். நவம்பர் மத்தியில்தான் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். மானிட்டர் இருண்டால் வெளிச்சம் திரும்பி வரும்; எழுதியது போனால்? ஒரு எழுத்தாளனிடம் கேளுங்கள்.

இன்னொரு வாதம்: ‘இலவசமாகத்தானே தருகிறார்கள்?’ தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். இது அப்படி வந்த மாடு அல்ல. ராத்திரி என் தொழுவத்துக்குள் நுழைந்து, கறந்துகொண்டிருந்த என் மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டுத் தன்னைத் தானே கட்டிக்கொண்ட மாடு.

கோடிக்கணக்கான யந்திரங்கள், ஆயிரம் விதமான டப்பாக்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க முடியுமா என்பது அடுத்தது. முடியாது. நானே ஒப்புக்கொள்கிறேன். முடியாது என்று தெரிந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? திரும்பி வருகிற பாதையைத் திறந்து வைக்க வேண்டும். விண்டோஸில் அப்படி ஒரு பாதை இருக்கத்தான் இருக்கிறது. 2015-இல் பெரிய பதிப்பு மாற்றம் ஒன்றைப் போட்டுக்கொண்டவன் ஒரு மாதத்துக்குள் பழையபடி திரும்பலாம் என்றார்கள். 2016-இல் அதைப் பத்து நாளாகக் குறைத்துவிட்டார்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம், அதுவும் அந்தப் பத்து நாள் முடிவதற்குள். யாரால்? தெரிந்தவர்களால். தெரிந்தவனுக்கு அறுபது, தெரியாதவனுக்குப் பத்து என்று வைத்திருக்கிறார்களே, உதவி யாருக்கு வேண்டும் என்ற ஞானம் இவர்களுக்கு எங்கே போயிற்று? அந்த அம்மாளுக்கு நான்கு நாள் கேபிள் மாற்றுவதிலேயே போயிற்று. இன்னும் ஆறு நாள் அவர் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால், அவருக்கு எந்தப் பாதை?

இதெல்லாம் ஒரு கதாசிரியனின் கற்பனைக் கோபம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் சிறு அளவில் பிரயாண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணியின் கம்ப்யூட்டரில், அவர் கேட்காமலே விண்டோஸ் 10 ஏறப் பார்த்து, யந்திரம் நாட்கணக்கில் உபயோகமற்றுப்போயிற்று. சிறு வழக்குகளுக்கான கோர்ட்டில் அவர் வழக்குப் போட்டார். பத்தாயிரம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. மைக்ரோஸாஃப்ட் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2016-இல் மேல் முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது. இரண்டாவது, இத்தாலியில். 2018 அக்டோபரில் அந்த நாட்டுப் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் ஸாம்ஸங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. மானிட்டர் விஷயம் அல்ல, டெலிபோன் விஷயம். ஆனால் குற்றம் இதே குற்றம். யந்திரத்தின் வேகத்தைக் கெடுக்கிற அப்டேட்டுகளைப் போட்டுக்கொள்ள வைத்தார்கள், போதிய விவரம் சொல்லவில்லை, பழைய நிலைக்குத் திரும்ப வழியும் வைக்கவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. திரும்ப வழி வைக்காததும் குற்றத்தின் ஒரு பகுதி என்று ஓர் அரசாங்க அமைப்பே சொல்லியாயிற்று. நான் சொன்னால்தான் என்ஜினீயருக்குச் சிரிப்பு வருகிறது.

மருந்தைத் தனியே கொடுக்க முடியாது என்பார்கள். முடியும். கொடுத்துக் காட்டியவர்களும் அவர்களே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தினார்கள். வீட்டில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தும், அடுத்த பதிப்புக்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட யந்திரங்கள் ஏராளம். அவற்றுக்காக 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மருந்து மட்டும், புதுச் சரக்கு எதுவும் சேர்க்காமல், தனியாகத் தருவதாக ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஆக, பொட்டலத்தைப் பிரிக்க முடிகிறது! விலை 30 டாலர். அல்லது உங்கள் யந்திரத்தின் அமைப்பு விவரங்களை அவர்களுடைய கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். இப்படிச் சில நிபந்தனைகள். ஐரோப்பாவில் யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 2025 செப்டம்பரில் கம்பெனி இறங்கி வந்தது: அந்தப் பிரதேசத்து ஜனங்களுக்குப் பணமும் வேண்டாம், அந்த ஒப்படைப்பும் வேண்டாம் என்றது. அங்கே கேட்டார்கள், கொடுத்தார்கள். அதே யந்திரம், அதே மருந்து. நமக்கு மட்டும் பழைய நிபந்தனை.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் இயற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளில் குறை இருந்தாலும் கேட்கலாம், சேவையில் குறைபாடு இருந்தாலும் கேட்கலாம். ஒரு கூட்டமாக ஜனங்கள் பாதிக்கப்பட்டால் தானே எடுத்து விசாரிக்கும் அதிகாரத்தோடு 2020-இல் ஒரு மத்திய ஆணையத்தையும் அமைத்திருக்கிறார்கள். 1915 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இந்தச் சட்டம் அப்டேட்டை எட்டிப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை வக்கீல்கள் விவாதிக்கட்டும். ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டாயே என்று கம்பெனி சொல்லும். ஐம்பது பக்க இங்கிலீஷ் பத்திரம் ஒன்றை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் உன் சொந்த யந்திரம் திறக்கும் என்று சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதம்தானா என்று அதையும் ஒரு நீதிபதி பார்த்துச் சொல்லட்டும். யாராவது ஒருவர் கேட்டால்தானே அவர் பார்ப்பார்?

அந்த அம்மாள் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். சென்ற வாரம் மனு எழுத உட்கார்ந்தோம். கூலிக் கணக்கு நான்கு நாள், அறுபது பக்கம். புதுக் கேபிள் ஒன்று, ரசீதோடு. ரிப்பேர்க்காரப் பையனுக்குக் கொடுத்த பணம். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, “ஆரம்பத்துல என்னன்னு போடறது, சார்?” என்று கேட்டார்.

“திங்கட்கிழமை இரவு வரை நன்றாக இருந்தது என்று முதல் வரி போடுங்கள், அம்மா” என்றேன்.